சுத்தமான கோடு

அவருடைய மார்பின் நடுவில் ஓர் இரும்பு பீரோவின் விளிம்பு தன்னை அப்படியே பதித்துவிட்டுப் போயிருந்தது. ஒரு சாண் நீளம், ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேர். இன்னும் நீலம் பாரிக்கவில்லை, சிவப்பாகத்தான் இருந்தது.

“பீரோவுக்கு ஒண்ணும் ஆகலையாம்,” என்றார் கட்டிலில் படுத்திருந்தவர். “வீட்டுக்காரம்மா அதைத்தான் முதல்ல தடவிப் பார்த்தாங்க. கதவு கோணலையான்னு திறந்து மூடினாங்க. அப்புறமாத்தான் என்னைப் பார்த்து ‘உங்களுக்கு?’ன்னாங்க.”

பக்கத்தில் நின்ற மனைவி சிரிக்கவில்லை. “கண்ணாடிச் சாமான்னா பார்த்துத் தூக்கவும்னு சீட்டு ஒட்டறேன். இந்த ஆளு மேல எங்கே ஒட்டறது, நீங்களே சொல்லுங்க மேடம்.”

இரண்டு பேரும் வீடு மாற்றித் தரும் வேலை செய்பவர்கள். அவர் சுமப்பார். அவள் பாத்திரங்களையும் கண்ணாடிகளையும் காகிதத்தில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்குவாள். காலை ஏழு மணிக்கு மூன்றாவது மாடியிலிருந்து பீரோவை இறக்கும்போது, படி திரும்பும் இடத்தில் மேலே பிடித்திருந்தவரின் கை வழுக்கி, பீரோ சரிந்து இவரைச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் மூச்சு வந்ததாம். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தூக்கப் போனவரை மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்திருந்தாள்.

அந்தப் பிரிவில் இ.சி.ஜி. எடுப்பது என் வேலை. பதினாறு வருடமாக எடுக்கிறேன். இங்கே எனக்குப் பெயர் ‘கோடு அக்கா’. திரை மறைத்த சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு பழைய மெஷின். கை கால்களில் நான்கு கிளிப், மார்பில் ஆறு ரப்பர் குமிழ். பொத்தானை அழுத்தினால் கட்டம் போட்ட தாள் ஓடி வரும். டாக்டர்கள் புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, “அக்கா எடுத்தா அச்சடிச்ச மாதிரி இருக்கும்,” என்பார்கள். கேட்காதது போல, குமிழ்களில் தடவிய ஜெல்லியைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். கேட்டிருப்பேன்.

மார்பெலும்பின் இரு பக்கமும் வைக்க வேண்டிய குமிழ்கள் அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே வந்தன. வைத்ததும் அவர் நெளிந்தார். “பீரோவே தேவலை,” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின்போது தாள் ஓடிக்கொண்டிருந்தது. சீராக வந்துகொண்டிருந்த கோட்டில் இரண்டு இடத்தில் அகலமாக, கோணலாக, கால் தடுக்கி விழுந்தவனைப் போல ஏதோ கிடந்தது.

“சிரிக்காதீங்க தம்பி. ஆடினா கோடு கெட்டுடும்,” என்றேன். தாளைக் கிழித்தேன், கசக்கினேன், காலடியில் இருந்த கூடையில் போட்டேன். மறுபடி எடுத்தேன். இந்த முறை அவர் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். அழகான கோடு. கேஸ் ஷீட்டில் ஒட்டினேன்.

“எப்படி மேடம் இருக்கு?” என்று கேட்டாள் மனைவி.

முடிவு சொல்வது என் வேலையில்லை. ஆனாலும் சொன்னேன். “உங்க வீட்டுக்காரர் இதயம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. பயப்படாதீங்க.”

அவள் முகத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

ட்யூட்டி டாக்டருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது, ஆனால் அலட்சியமானவர் இல்லை. அவர் மார்பில் அடிபட்டவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை. இதயத் தசை நசுங்கினால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற பொருளுக்கான பரிசோதனையும் நார்மல். இ.சி.ஜி.யும் நார்மல். இரண்டும் நார்மலென்றால் இதயத்தில் அடி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வலி மாத்திரை எழுதி, இரண்டு நாள் பாரம் தூக்க வேண்டாமென்று சொல்லி ஒன்பதரைக்கு அனுப்பிவிட்டார்.

*

பதினொரு மணிக்கு ஒரு தையல்காரர் வந்தார். இருமல். நிறுத்தச் சொன்னால் இன்னும் அதிகமாக இருமுகிற வகை. “ஒரு நிமிஷம் அடக்குங்கண்ணே,” என்று கெஞ்சிக்கொண்டே எடுத்தேன். தாளில் கோடு மேலும் கீழுமாக அலைந்து வந்தது. கிழிப்பதற்காகக் கையை வைத்தேன். வைத்த கை நின்றது.

உடம்பு அசைந்தால் கோடு அலையும். ஆனால் அந்த அலைச்சலுக்கு நடுவிலும் ஒவ்வொரு துடிப்பும் தன் நேரத்துக்கு வந்துகொண்டே இருக்கும், பஸ் எவ்வளவு குலுங்கினாலும் பயணியின் கைக்கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பது போல. தையல்காரரின் தாளில் அப்படித்தான் இருந்தது. இரைச்சலுக்கு அடியில் டிக், டிக், டிக்.

காலையில் அப்படி இல்லை.

காலையில் அந்த அகன்ற துடிப்பு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வெற்றிடம். வரிசையில் யாரோ ஒருவர் குறைந்தது போல. பிறகுதான் அடுத்தது வந்தது. சிரிப்பு கோட்டை ஆட்டும். இதயத்தைக் காத்திருக்க வைக்காது.

வெற்றிடம் இருந்ததா? பார்த்தேனா, இல்லை இப்போது இட்டுக்கட்டுகிறேனா? கசக்குவதற்கு முன் எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன்? கண் சிமிட்டும் நேரம். அந்த நேரத்தில் நான் தேடியது அழகு இருக்கிறதா என்பதை மட்டும்தான்.

“முடிஞ்சுதா அம்மா?” என்றார் தையல்காரர்.

“முடிஞ்சுது அண்ணே,” என்று சொல்லிவிட்டு அந்த அலைந்த தாளையே ஒட்டி அனுப்பினேன். பிறகு குனிந்து கூடையைப் பார்த்தேன். புதுப் பை போட்டிருந்தது. காலி.

அறையை விட்டு வெளியே ஓடினேன். நடைபாதைக் கோடியில், மருத்துவமனையைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா வாளியில் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“என் ரூம் குப்பை எங்கேக்கா?”

“பத்து மணி வண்டியிலயே போயிடுச்சே. ஏன், மோதிரம் கழண்டு விழுந்துடுச்சா?”

“இல்லை. ஒரு தாள்.”

“தாளா!” என்று சிரித்தாள். “நீ போடறது முழுக்கத் தாள்தானே அம்மா. பை பையா அள்ளறேனே.”

பை பையாக. அந்தச் சொல் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இருப்புக் கொள்ளவில்லை. அறைக்கு வந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். துடைத்த கிளிப்புகளை மறுபடி துடைத்தேன். எங்கள் மெஷின் பழையது. எடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளாது. அந்தத் தாள் போனால் போனதுதான். நான் வாயைத் திறக்காவிட்டால் காலை எட்டேகாலுக்கு அந்த அறையில் இரண்டு தாள் ஓடியது இந்த உலகத்தில் எவருக்கும் தெரியப் போவதில்லை. இது முதலில் ஓர் ஆறுதலாகத்தான் வந்தது. வந்த வேகத்திலேயே, அது ஆறுதலாக வந்ததை நினைத்து உடம்பு கூசியது.

டாக்டர் ஒரு குழந்தையின் முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன்.

“சார், காலையில அந்த பீரோக்காரர்...”

“சொல்லுங்கக்கா.”

“முதல்ல எடுத்ததுல ரெண்டு துடிப்பு முன்னாடியே வந்த மாதிரி இருந்துது சார். அகலமா. பின்னாடி இடைவெளி விட்டு.”

அவர் கையுறையைக் கழற்றாமலே திரும்பினார். “ஒட்டினதுல அப்படி இல்லையே?”

“அது ரெண்டாவது.”

“முதல் தாள் எங்கே?”

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. வந்து, வேறொன்றாக மாறி வெளியே விழுந்தது. “மெஷின்ல சிக்கிக் கிழிஞ்சிடுச்சு சார். மெஷின் கொஞ்ச நாளாவே சரியில்லை.”

பதினாறு வருடம் என்னோடு உழைத்த மெஷின். ஒரு நாள்கூடத் தாளைக் கடித்ததில்லை.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அக்கா, இதயத்தோட வலது பக்கம் இந்த மார்பெலும்புக்கு நேர் பின்னாடிதான் இருக்கு. எலும்பு உடையாமலே அது நசுங்கலாம். நசுங்கின இடத்துல துடிப்பு தடம் மாறும். ரத்தம் அடிபட்ட ஒரு மணி நேரத்துலயே எடுத்தது, அப்ப நார்மலா இருந்தா அதை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் நம்பினதே உங்க இ.சி.ஜி.யைத்தான். அதுல ஒரு கோணல் இருந்திருந்தா அவரை அனுப்பியே இருக்க மாட்டேன். ஒரு நாள் மானிட்டர்ல படுக்க வெச்சிருப்பேன்.” நெற்றியைத் தேய்த்தார். “நிச்சயமாப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்.”

“கூப்பிடுங்க. உடனே வரச் சொல்லுங்க. அந்த மெஷினை ஓரமா வெச்சுப் பழுதுன்னு எழுதி ஒட்டிடுங்க. இன்னொருத்தரை ஏமாத்திடப் போகுது.”

எழுதினேன். ‘பழுது’. என் கையெழுத்து எப்போதும் போல அழகாகத்தான் இருந்தது.

*

பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு மனைவிதான் பேசினாள். பின்னால் காகிதம் சுருட்டும் சத்தம்.

“அவரா? மேல இருக்காரு மேடம். ஃப்ரிட்ஜை இறக்கறாங்க.”

“ரெண்டு நாள் தூக்கக் கூடாதுன்னாரே டாக்டர்!”

“நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அச்சடிச்ச மாதிரி இருக்குன்னு அந்த மேடமே சொன்னாங்கன்னு என்னையே மடக்கறாரு.”

“நிறுத்தச் சொல்லுங்க. நான் வரேன். இடம் சொல்லுங்க.”

ஸ்கூட்டரில் பத்து நிமிடம். இரண்டு சிவப்பு விளக்கு. இரண்டாவதில் நிற்கும்போது முன்னால் ஒரு லாரி, அதன் பின்கதவில் கட்டியிருந்த கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அது ஒரே சீராக ஆடுகிறதா என்று எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

கட்டடத்தின் வாசலில் பெட்டிகள். படிகள் குறுகல். ஃப்ரிட்ஜ் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு அவர் நின்றார். முகத்தில் வியர்வை, ஆனால் அந்த வேலையில் யாருக்குத்தான் வியர்க்காது?

“அட, மேடம் வீட்டுக்கே வந்துட்டாங்க,” என்றார் கூட இருந்தவர்களிடம். “சோபா எதுவும் மாத்தணுமா மேடம்?”

“மறுபடி இ.சி.ஜி. எடுக்கணும் தம்பி. காலையில மெஷின்ல கோளாறு.”

“மெஷின் கோளாறுக்கு நான் எதுக்கு வரணும்? மெஷினை அட்மிட் பண்ணுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். வேகம், ஆனால் சீர். ஒன்றுகூடத் தவறவில்லை.

“படபடன்னு இருக்கா? தலை சுத்துதா?”

“பாரம் தூக்கினா எல்லாருக்கும் இருக்கறதுதான்.”

“மேல பிடிக்கறது யாரு?”

“நான்தான். காலையில வழுக்கவிட்டானே, அவனை நம்பி இனிமே மேல விடுவேனா?”

“கீழே?”

“அவங்க ரெண்டு பேரும்.”

“அதுக்கும் கீழே, வழி சொல்லிக்கிட்டு?”

அவருடைய மனைவி இரண்டு படி கீழே, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சாமான் இறங்கும்போது ‘வலப்பக்கம், இன்னும் கொஞ்சம், படி இருக்கு’ என்று குரல் கொடுப்பது அவள்தான். அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“ஒரு நொடி உங்களுக்குக் கண்ணை இருட்டினாப் போதும் தம்பி,” என்றேன்.

அவர் ஃப்ரிட்ஜிலிருந்து கையை எடுத்தார். “எவ்வளவு நேரம் ஆகும்?”

*

மருத்துவமனையில் வார்டிலிருந்து வேறு மெஷின் கொண்டுவந்து எடுத்தோம். கோடு சுத்தமாக வந்தது. மறுபடி எடுத்தேன். அதுவும் சுத்தம். டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“அச்சு மாதிரிதானேக்கா இருக்கு.”

கட்டிலில் இருந்தவர், “நான் சொல்லல?” என்று எழுந்து உட்கார்ந்தார்.

“படுங்க,” என்றார் டாக்டர். “சாயங்காலம்வரைக்கும் மானிட்டர்ல இருக்கட்டும். ரத்தம் இன்னொரு தடவை அனுப்பறேன். அக்கா சும்மா சொல்ல மாட்டாங்க.”

அக்கா சும்மா சொல்ல மாட்டாள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் கிளிப்புகளைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

நர்ஸ் சிஸ்டருக்கு ஒரு மானிட்டர் கட்டில் போன கோபம். “மூச்சுத் திணறிக்கிட்டு ஒருத்தர் வெளியே நாற்காலியில உட்கார்ந்திருக்காரு. இவரு உள்ளே படுத்துக்கிட்டு எனக்கு ஜோக் சொல்றாரு,” என்றாள். வெளியே வரிசையும் நீண்டிருந்தது. என் மெஷின் ஓரத்தில் ‘பழுது’ என்று மார்பில் ஒட்டிக்கொண்டு நின்றதால், எல்லோருக்கும் வார்டு மெஷின் திரும்பத் திரும்ப ஏறி இறங்கியது. ஒரு கர்ப்பிணிப் பெண் நாற்பது நிமிடம் காத்திருந்தாள். நான் ஒரு சொல் சொன்னால் அந்த மெஷின் ஓடும். சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு என் ட்யூட்டி முடிந்தது. போகவில்லை. மகள் அழைத்தாள்.

“எப்பம்மா வருவே?”

“கொஞ்சம் லேட் ஆகும்.”

“உன் போன்லேர்ந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்ச போட்டோ எல்லாம் காலேஜ் புராஜக்டுக்கு எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு, அதுல எல்லாருமே சிரிச்சுக்கிட்டே இருக்கோம்மா. பார்க்கவே சந்தேகமா இருக்கு,” என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

ஆமாம், மற்றதை அழித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது, மகள் அழுதுகொண்டு திரும்பியது, நான் கண்ணை மூடியிருந்தது. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. கை தானாகப் போகும். வீட்டில் அதனால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை என்று நினைத்திருந்தேன். ஆகியிருந்தால் மட்டும், அதன் படம் என்னிடம் இருக்கவா போகிறது?

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் தலைக்கு மேல் திரையில் பச்சைக் கோடு ஓடியது. சீராக, சலிப்பூட்டும்படி சீராக. மூன்று மணி. மூன்றரை. டாக்டர் போகும்போதும் வரும்போதும் திரையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்க்காமல் போவார்.

என் மனதில் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். உண்மையாகத்தான். ஆனால் அந்த வேண்டுதலுக்கு அடியில் இன்னொன்று ஊர்ந்தது. ஒரே ஒரு துடிப்பு, ஒன்றே ஒன்று, கோணலாக வரட்டும். இத்தனை பேரை அலைக்கழித்தவள் பைத்தியக்காரி இல்லை என்று ஆகட்டும். அது வந்தால் அவருக்கு ஆபத்து. வராவிட்டால் எனக்கு அவமானம். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

நாலரைக்கு வந்தது.

நேரத்துக்கு முன்பே, அகலமாக ஒன்று. பிறகு வெற்றிடம். எனக்குள் சில்லென்று ஒரு மகிழ்ச்சி ஓடியது. வந்துவிட்டது, நான் சொன்னது சரி, என்று. கூட்டத்தில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருமே, அப்படி ஒரு மகிழ்ச்சி.

அது முடிவதற்குள் இன்னொன்று. இரண்டு சேர்ந்து. பிறகு மூன்று. பிறகு கோடே அதுவாகிவிட்டது, இடைவெளியில்லாமல் அகலம் அகலமாக, மலை மலையாக. மானிட்டர் அலறியது. மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். கண்கள் மேலே செருகின. கை கட்டிலிலிருந்து வழிந்து தொங்கியது.

“ஏங்க! ஏங்க!”

சிஸ்டர் ஒரே தாவலில் வந்தாள். டாக்டர் கழுத்தில் விரல் வைத்தார், “ஷாக் மெஷின்!” என்றார். நான் மனைவியை இரு தோளிலும் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவள் உடம்பு என் கைகளுக்குள் துடித்தது. காலையில் பீரோ அழுத்திய அதே இடத்துக்குப் பக்கத்தில் ஷாக் மெஷினின் தட்டுகளை வைத்தார்கள். “எல்லாரும் தள்ளுங்க.” அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

திரையில் ஒரு நேர்கோடு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஒரு சின்ன மேடு. பிறகு இன்னொன்று. டிக், டிக்.

அவர் இருமினார். கண்ணைத் திறந்து, “யாரு தள்ளினது?” என்றார்.

*

ஐந்தேகாலுக்கு ரத்தப் பரிசோதனை வந்தது. ட்ரோபோனின் ஏறியிருந்தது. ஊசி மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இதய நிபுணர் வந்து ஸ்கேன் பார்த்துவிட்டு, வலது அறைச் சுவரில் அடி இருக்கிறது, இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியவில்லை, வால்வுகள் கிழியவில்லை, இரண்டு நாள் இங்கேயே கண்காணிக்க வேண்டும் என்றார். பிழைத்துவிடுவார். டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். காகிதத்தூளும் பசையும் படிந்த சொரசொரப்பான விரல்கள்.

“அந்தப் படியில ஆகியிருந்தா...” என்று தொடங்கியவள் பிடியை இன்னும் இறுக்கினாள். “அந்தப் பாழாப்போன மெஷின் காலை வாரினாலும் நீங்க விடல மேடம். தேடி வந்தீங்க பாருங்க. கூடப் பிறந்தவங்ககூட வர மாட்டாங்க.”

“காலையில கோளாறானதை அக்கா கவனிச்சது நல்லதாப் போச்சு,” என்றார் டாக்டர் எழுதிக்கொண்டே. “மெஷின் கம்பெனிக்கு எழுதிட்டேன். நாளைக்கு வந்து பார்ப்பாங்க.”

அப்படியே விட்டிருக்கலாம். அவர் பிழைத்துவிட்டார், நான் சொன்னதும் சரியாகிவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் படம். வாயை மூடிக்கொண்டு கையை அவள் கைக்குள் விட்டுவைத்தால் போதும்.

அந்தக் கைச்சூடு தாங்கவில்லை.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு,” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

“தாள் சிக்கல. காலையில முதல்ல எடுத்ததுலயே இது வந்துது. அவர் சிரிச்சாரு, அதனால ஆடிடுச்சுன்னு நினைச்சேன். சரியாப் பார்க்கல. பார்க்க நல்லா இல்லைன்னு நான்தான் கிழிச்சுக் கூடையில போட்டேன். நல்லா இருந்ததை மட்டும் டாக்டருக்குக் கொடுத்தேன்.”

பேனா நின்றது.

மனைவி கையை உடனே எடுக்கவில்லை. கேட்டதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது போல உதடு அசைந்தது. அப்புறம்தான் எடுத்தாள். எடுத்ததைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“பார்க்க நல்லா இல்லைன்னு,” என்றாள்.

“ஆமாம்.”

“நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதாலதான் அவரு மறுபடி மேல ஏறினாரு.”

“ஆமாம்.”

கட்டிலில் இருந்தவர் தலையைத் திருப்பினார். “விடு,” என்றார் பலவீனமாக. “அவங்கதானே வந்து கூப்பிட்டாங்க.”

“நீங்க சும்மா இருங்க. உங்களைக் கேட்கல.” அவள் கண் என்னை விட்டு நகரவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பெட்டியைத் திறந்து எத்தனை உடைந்திருக்கிறது என்று பார்க்கிறவளின் குரலில் கேட்டாள்:

“இதுக்கு முன்னாடி எத்தனை பேருது கிழிச்சீங்க?”

டாக்டரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கேட்க நினைத்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பதினாறு வருடம். சிரித்தவர்கள், இருமியவர்கள், குளிரில் நடுங்கியவர்கள், பயத்தில் அழுத குழந்தைகள். எல்லோரையும் ஆடாதே, அசையாதே என்று அதட்டி, ஒவ்வொருவருக்கும் ஓர் அழகான தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் யார் எந்தப் படியில் ஏறினார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

“தெரியலை,” என்றேன்.

“தெரியலையா?”

“எண்ணினதில்லை.”

அவள் தலையை ஆட்டினாள். நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் வரும்படி உட்கார்ந்தாள். டாக்டர் கேஸ் ஷீட்டைத் திருப்பி, எழுதிக்கொண்டிருந்த பக்கத்தைக் கோடு போட்டு அடித்தார். பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“காலையில என்ன நடந்துதுன்னு நீங்களே எழுதுங்க,” என்றார். இந்த முறை அக்கா என்று சொல்லவில்லை.

வாங்கினேன். முதல் எழுத்தே கோணலாக விழுந்தது. அதை அடிக்காமல், அப்படியே தொடர்ந்து எழுதிக்கொண்டு போனேன்.